‘ஒரு கவர்டு கார் பார்க்கிங்’: காசு கொடுத்த பிறகு தெரிந்துகொண்டவை

சென்னை பெரும்பாக்கம் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் 2021-ல் வீடு புக் செய்தேன். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வங்கிக்கடன், பத்திரம், பில்டர் ஆபீஸ் என்று எல்லாவற்றுக்கும் நான்தான் அலைந்தேன். வாஸ்து பார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேள், யூடிஎஸ் (நிலத்தில் நம் வீட்டுக்கான பங்கு) எவ்வளவு என்று பார் என்று ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள். கார் எங்கே நிற்கும் என்று கேட்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை. நானாகவே கேட்டேன். கேட்டும் பதில் வாங்க முடியாமல் போனதில்தான் இந்தக் கதையே ஆரம்பம். ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி வீடு கொடுக்காத தலைவலியை, கீழே இருக்கும் அந்தப் பன்னிரண்டரை சதுர மீட்டர் இடம் கொடுத்தது. புது வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவுமே என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பில்டர் பெயர் வேண்டாம்.

பிரைஸ் ஷீட்டில் வீட்டு விலைக்குக் கீழே வரிசையாக மற்ற செலவுகள் இருக்கும் இல்லையா, கிளப் ஹவுஸ், மின் இணைப்பு, லீகல் சார்ஜ் என்று? அதில் ஒரு வரி: ‘ஒரு கவர்டு கார் பார்க்கிங் – ரூ.4,00,000’. வேண்டாம் என்று சொல்ல முடியாது, கட்டாயம். வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்; பார்க்கிங்குக்கு மட்டும் அது தனிச் சேவை என்று சொல்லி 18 சதவீதம் போட்டிருந்தார்கள். ஆக 4,72,000 ரூபாய். சரி, எந்த நம்பர்? ஸ்டில்ட்டா (கட்டடத்துக்கு அடியில் தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளம்), பேஸ்மென்ட்டா? “அதெல்லாம் ஹேண்ட்ஓவர் டைம்ல அலாட் பண்ணுவோம் மேடம், கவலையே படாதீங்க” என்றார் சேல்ஸ் பிரிவில் இருந்தவர். நான் விடாமல் கேட்கவும், “சார் ஊர்லேர்ந்து வரும்போது கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்” என்றார். செக்கில் கையெழுத்துப் போடுவது நான், கார் ஓட்டப்போவது நான், பார்க்கிங் பற்றிப் பேச மட்டும் சார் வரவேண்டுமாம். தனியாகப் போகும் பெண்களுக்குச் சொல்கிறேன்: இந்தப் பேச்சு வந்தால் சிரித்து மழுப்பிவிட்டு வராதீர்கள். கேள்வியை மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, பதிலையும் அதிலேயே கேளுங்கள். எழுத்தில் கேட்டால் அவர்களுக்குச் சாரும் ஒன்றுதான், மேடமும் ஒன்றுதான்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் வீட்டின் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக்கூடாது. அந்தப் பத்து சதவீதக் கட்டம்தான் நம் பேச்சு எடுபடும் நேரம். அதற்குள் பார்க்கிங் நம்பர், எந்தத் தளம், நீள அகலம், ஒரு சின்ன வரைபடம், இவ்வளவையும் ஒப்பந்தத்தில் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லலாம். வங்கி ஒருமுறை கடன் தவணையை விடுவிக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் நாம் பேசுவது கெஞ்சுவதாகத்தான் இருக்கும்.

என் விஷயத்தில் இரண்டு பத்திரங்கள். ஒன்று யூடிஎஸ் நிலத்துக்கான கிரயப் பத்திரம். அதில் பார்க்கிங் என்ற பேச்சே கிடையாது. இன்னொன்று கட்டுமான ஒப்பந்தம். அதில் ‘ஒரு கவர்டு கார் பார்க்’ என்று நான்கே சொற்கள். நம்பர் இல்லை, அளவு இல்லை. பக்கத்திலேயே இன்னொரு வரி: இட ஒதுக்கீட்டில் பில்டரின் முடிவே இறுதியானது. அதை அடிக்கச் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே ஃபார்மட், மாற்ற முடியாது என்றார்கள். எங்கள் குடியிருப்பிலேயே வேறொருவர் வக்கீலை வைத்துப் பேசி, நம்பர் போட்ட கடிதம் வாங்கியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே ‘மாற்ற முடியாது’ என்பது பேச்சின் முடிவு இல்லை.

2023 தொடக்கத்தில் சாவி கொடுத்தார்கள். கூடவே ஒரு கடிதம், ஸ்டில்ட் தளத்தில் ஒரு நம்பர். ஆசையாகப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் கோட்டுக்குள் பார்த்தால் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், விதிப்படி சரிதான். ஆனால் இடதுபக்கக் கோட்டுக்கு உள்ளேயே ஒரு தூண் முப்பது சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வலதுபக்கம் மேல்மாடிகளிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாய். நல்லவேளை, அது சுவரோடு ஒட்டி இருந்தது. எங்கள் எர்டிகா 1,735 மில்லிமீட்டர் அகலம். தூண் போக மிச்சம் கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை அடி. கண்ணாடிகளை மடக்கி, தூணை உரசாமல் உள்ளே நுழைத்துவிடலாம். நுழைத்த பிறகு கதவைத் திறந்து இறங்குவது எப்படி? மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆகி வாக்கரில் நடக்கிறவர். அவரை உள்ளே வைத்துக்கொண்டு நிறுத்தவே முடியாது. வழியில் இறக்கிவிட்டு, வாக்கரைக் கையில் கொடுத்து, ‘இங்கேயே நில்லுங்க அத்தை’ என்று சொல்லிவிட்டுக் காரை நிறுத்தப் போகவேண்டும். முதல் மாதமே இடதுபக்கப் பின்கதவில் தூண் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டது.

இதுவாவது பரவாயில்லை. சில வாரங்களில் என் இடத்துக்கு நேர் முன்னால் இன்னொரு மஞ்சள் கட்டம் வரைந்து அதற்கும் ஒரு நம்பர் போட்டார்கள். அதாவது அந்தக் கார் நகர்ந்தால்தான் என் கார் வெளியே வரும். அந்த வீட்டின் உரிமையாளர் வெளிநாட்டில். குடியிருந்தது சிறுசேரியில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு தம்பி. அவர் காலையில் வந்து காரை நிறுத்திவிட்டுத் தூங்கப்போகும் நேரமும் நான் பிள்ளையைப் பள்ளியில் விடக் கிளம்பும் நேரமும் ஒன்று. நல்ல பையன். “அக்கா, சாவிய செக்யூரிட்டி ரூம்ல மாட்டிட்டுப் போறேன், நீங்களே நகத்திக்குங்க” என்றார். அடுத்தவர் காரை ஓட்டுவதில் இருக்கும் பயம் ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்திலேயே சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி வேறு. இந்தப் பகுதியில் பல குடியிருப்புகளுக்குத் தண்ணீர் என்றால் லாரித் தண்ணீர்தான். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி காலையில் வந்து குழாயைச் சொருகிவிட்டு நின்றால், காலியாகும்வரை அந்தப் பாதையில் சைக்கிள்கூடப் போகாது. டிரைவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? கடைசியில் தெருமுனைக் காலிமனைக்காரருக்கு மாதம் 1,500 ரூபாய் கொடுத்துக் காரை அங்கே நிறுத்த ஆரம்பித்தேன். 4,72,000 கொடுத்த பார்க்கிங்கில் என் பையனின் சைக்கிள் நின்றது.

வீடு பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு டேப் கொண்டுபோங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கோட்டுக்குக் கோடு அளக்காதீர்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே அளந்து பாருங்கள். மேலே போகும் குழாய்களின் உயரத்தையும் பாருங்கள். சம்ப் மூடி, கழிவுநீர்த் தொட்டி மூடி, ஜெனரேட்டர், குப்பை அறை எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். அவற்றை ஒட்டிய இடங்களில் எப்போதும் ஏதாவது ஒரு லாரி நிற்கும். கட்டி முடித்து ஆட்கள் குடிவந்த கட்டடம் என்றால், சேல்ஸ் ஆள் கூட்டிப்போகும் மத்தியான நேரத்தில் போய்ப் புண்ணியமில்லை. காலையில் பள்ளி நேரத்தில் தனியாகப் போய், வாட்ச்மேன் அண்ணனிடம் பேச்சுக்கொடுங்கள். எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பார்க்கிங் தகராறு என்று அவர் சொல்லும் ஐந்து நிமிடக் கதையில் இருக்கும் தகவல் எந்தப் பிரோசரிலும் இருக்காது. போரூரில் இருக்கும் என் தோழிக்குக் கிடைத்தது மெக்கானிக்கல் ஸ்டேக் பார்க்கிங், ஒரு காருக்கு மேல் இன்னொரு கார். அவர் சொல்லும் கதையே தனி: கரண்ட் போனால் நிற்கும், உயரமான கார் ஏறாது, பராமரிப்புச் செலவு வருடா வருடம் ஏறும். அது என்றால் எடை வரம்பு, உயர வரம்பு, பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

எனக்கு வழி திறந்தது ஓர் இரவில், தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் இணையதளத்தைக் கிளறிக்கொண்டிருந்தபோது. எங்கள் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடம் பிடிஎஃப் ஆகக் கிடைத்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கி ஸ்டில்ட் தளத்தைப் பார்த்தேன். என் இடம் அதில் இருந்தது. எனக்கு முன்னால் இருந்த கட்டம் இல்லை! அந்த இடம் வரைபடத்தில் வண்டிகள் போகும் பாதை, தீயணைப்பு வண்டி வந்தாலும் அதில்தான் வரவேண்டும். இரண்டாவது கார் பார்க்கிங் கேட்டவர்களுக்கு விற்க, பாதையிலேயே கோடு போட்டு நம்பர் எழுதியிருக்கிறார்கள். மறுநாள் வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் நின்று எண்ணினேன். அப்படி முளைத்த இடங்கள் எங்கள் பிளாக்கில் மட்டுமே பல இருந்தன. விசிட்டர் பார்க்கிங் என்று வரைபடத்தில் இருந்ததிலும் வீட்டு நம்பர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். அனுமதித்த வரைபடத்தையும் பொது இடங்களையும் மாற்றவேண்டுமானால் வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்கிறது ரெராவின் 14-வது பிரிவு. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. திறந்தவெளிப் பார்க்கிங்கை அதே சட்டம் பொது இடம் என்றே வரையறுக்கிறது. கராஜ் என்றால் கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருக்கவேண்டும். எங்கள் பில்டரோ வெயிலில் காயும் இடத்துக்கும் இரண்டரை லட்சம் வாங்கியிருந்தார். 2010-ல் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில், ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனி யூனிட்டாக விற்க பில்டருக்கு உரிமை இல்லை, அது பொது இடத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. இதை எடுத்துக்கொண்டு போய் ‘என் நான்கு லட்சத்தைத் திருப்பிக் கொடு’ என்று கேட்டுவிடலாம் என்று முதலில் துள்ளினேன். வக்கீல் நிதானமாகச் சொன்னார்: “கவர்டு பார்க்கிங்குக்கு ஒப்பந்தத்துல நீங்க கையெழுத்துப் போட்டுருக்கீங்கம்மா. அதப் பிடிச்சா இழுக்கும். வரைபடத்துல இல்லாத இடத்த வித்திருக்கான் பாருங்க, அதப் பிடிங்க.” அவருக்குக் கொடுத்த 25,000 ரூபாயில் இந்த வாக்கியம் ஒன்றே போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வரைபடத்தைப் போட்டேன். எல்லாரும் சேர்ந்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். நடந்ததோ வேறு. பாதையில் இருந்த இடங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்களே, அவர்கள் பில்டரை விட்டுவிட்டு என்மேல் பாய்ந்தார்கள். “உங்களுக்கு ஒரு இடம் சரியில்லைன்னா எங்க இடத்தையும் கெடுக்கணுமா மேடம்?” என்று ஒருவர். லிப்ட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்குப் போனது. அழுகையாக வந்தது, மறைப்பானேன். புகார் என்று இறங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள். பார்க்கிங் தகராறு சீக்கிரமே அக்கம்பக்கத்துத் தகராறாக மாறிவிடும். பில்டருக்கு வசதியும் அதுதான். அதனால் முதல் வரியிலேயே ‘காசு கொடுத்தவர்களுக்குப் பில்டர் மாற்று இடம் தரவேண்டும்’ என்று எழுதிவிடுங்கள். நான் இரண்டாவது செய்தியில் அதை எழுதிய பிறகுதான் சிலர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். தன் பார்க்கிங்கும் பாதையில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்த ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி கடைசிவரை கூட நின்றார்.

நவம்பரில் பில்டர் தரப்பிலிருந்து ஒரு சமாதானம் வந்தது: பேஸ்மென்ட்டில் தூண் இல்லாத நல்ல அகலமான இடம் தருகிறோம், எழுதிக்கொடுத்துவிட்டு விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள். ஆசைதான். இடமும் நன்றாக இருந்தது. அசோசியேஷன் இன்னும் அமையாத நிலையில் பேஸ்மென்ட்டில் தண்ணீர் இறைக்கும் பம்ப் யார் பொறுப்பு என்று கேட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது. பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறி, பம்ப்புக்குக் கரண்ட் இல்லாமல் நின்றதில் கீழே இருந்த கார்கள் சீட் வரை மூழ்கின. சென்னையில் பெருமழை என்றால் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏன் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன என்று அன்றைக்கு எனக்கு நன்றாகவே புரிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிய பகுதிகளில் பேஸ்மென்ட் பார்க்கிங் தருகிறார்கள் என்றால், சரிவுப் பாதையின் தலைப்பில் தண்ணீரைத் தடுக்க மேடு இருக்கிறதா, பம்ப் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கார் இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் சேர்த்துக்கொள்ளுங்கள். மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. எங்கள் பிளாக்கில் ஒருவர் பதற்றத்தில் சாவியைத் திருப்பப்போய் இன்ஜின் செலவே தனியாக வந்தது.

பேஸ்மென்ட் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அதற்கும் அசையாததால் ரெரா ஆணையத்தில் ‘எம்’ (M) படிவத்தில் புகார் கொடுத்தோம். நஷ்டஈடு மட்டும் கேட்பதானால் ‘என்’ (N) படிவம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது. புகாரோடு வைத்தவை இவ்வளவுதான்: அனுமதி வரைபடம், பில்டர் கொடுத்த ஒதுக்கீட்டுக் கடிதம், தேதியோடு எடுத்த படங்கள், நான் அனுப்பிய மின்னஞ்சல்கள், பார்க்கிங்குக்குக் கட்டிய ரசீது. போனில் பேசியது எதுவும் உதவவில்லை. விசாரணைத் தேதி வருவதற்கு முன்பே பில்டர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். இந்தமுறை சார் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. விற்காமல் கைவசம் வைத்திருந்த ஸ்டில்ட் இடங்கள் சில அவர்களிடம் இருந்தனவாம்! அதில் ஒன்று என் முன்னால் இருந்த கட்டத்தின் உரிமையாளருக்குப் போனது. பாதையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டின் மேல் சாம்பல் பெயின்ட் அடித்தார்கள்.

தூண் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் முன்னால் வழி கிடைத்துவிட்டதால் மாமியாரை நிதானமாக இறக்கிவிட்டு, பிறகு பின்னோக்கி உள்ளே நுழைத்துவிடுகிறேன். கட்டிய 18 சதவீத வரி திரும்பவில்லை. அதைத் துரத்த எனக்குத் தெம்பும் இல்லை. காலிமனை வாடகை, வக்கீல் செலவு, கதவு டென்ட் எடுத்தது எல்லாம் சேர்ந்து ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒரு வருடத்துக்கும் மேல் போன நிம்மதிக்கு ரசீது கிடையாது.

கடைசியாகச் செய்த ஒரு வேலையைச் சொல்லிவிடுகிறேன். சமாதானம் ஆன கையோடு, பார்க்கிங் நம்பர், அளவு, வரைபடம் மூன்றும் இருக்கும் ஒதுக்கீட்டுக் கடிதத்தை முத்திரைத்தாளில் வாங்கி, அசோசியேஷன் அமைந்ததும் அதன் பதிவேட்டிலும் ஏற்றவைத்தேன். இன்னும் பத்திரம் பதியாதவர்கள் அந்த நம்பரைப் பத்திரத்தின் சொத்து விவரத்திலேயே எழுதவைத்துவிடுங்கள். நாளைக்கு வீட்டை விற்கப்போனால் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. அப்படியே எலெக்ட்ரிக் வண்டி சார்ஜ் செய்ய, நம் மீட்டரிலிருந்து பார்க்கிங் இடம் வரை வயர் இழுக்கக் குழாய் விட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். நான் அதற்கு அசோசியேஷனில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.